பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு முன்

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை புதுக் காரோடு வந்து இறங்கினார். தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நேராக வண்டியூரில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். நான் காரைச் சுற்றி வந்து பார்த்தேன். கலர் நன்றாக இருக்கிறது என்றேன். அவருக்கு அது போதவில்லை. குனிந்து பின்சக்கரத்தைக் காட்டினார்.

“மாமா, இங்க பாருங்க. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். இதுக்குன்னே மேல் மாடல் எடுத்தேன். இனிமே கொடைக்கானல் எறக்கம்லாம் ஒண்ணுமே இல்ல.”

மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போவதாகத் திட்டமாம். “நல்லது மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். காபி ஆற்றிக்கொண்டிருந்த என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் வயது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1983 கோடை விடுமுறை. அப்போது நான் மதுரையில் குமாஸ்தா. ஒரு வாடகை அம்பாஸிடரில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். என் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார், நான், டிரைவர், அத்தோடு மூட்டை முடிச்சுகள். வாடகை தனி, பெட்ரோல் நம் செலவு என்று பேச்சு. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதுதான், பெருமாள்மலை தாண்டியதும், முன்சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு யோசனை வந்தது.

“அண்ணே, எறக்கம்தானே? நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சமாகுமே.”

“வேணாம் சார். எறக்கத்துல கியர்லதான் எறங்கணும்.”

“பாத்துக்கலாம்ணே. காசு நம்மதுல்ல.”

அவர் மறுபேச்சு பேசவில்லை. நியூட்ரலில் விட்டார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்து வந்தார். அரைமணி நேரத்தில் கருகின வாடை வந்தது. மாமியார், “எங்கயோ தீயிது” என்றார். டம்டம் பாறைக்குக் கொஞ்சம் மேலே டிரைவரின் முகம் மாறியதைப் பார்த்தேன். முதலில் பெடல் கட்டை மாதிரி இறுகி நின்றது, ஆனால் வேகம் குறையவில்லை. அதன்பிறகு பஞ்சு மாதிரி உள்ளே போனது. அவர் கத்தவில்லை. கியரைக் கடகடவென்று பல் கடிக்கிற சத்தத்தோடு மூன்றுக்கும் பிறகு இரண்டுக்கும் தள்ளினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தார். வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி, ஓரத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி, மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினார். மட்கார்டு நசுங்கியது. ஏழு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஏன் அப்படி ஆனது என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதைத்தான் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். (என் தமிழில் ஒற்றுப்பிழை தேடும் நண்பர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் சமாதானமும் அதுதான்.) பிரெஞ்சில் பிரேக்குக்கு ‘ஃப்ரேன்’ என்று பெயர். லத்தீனிலிருந்து வந்த சொல். மூலப்பொருள் குதிரையின் வாயில் மாட்டுகிற கடிவாளம். கடிவாளத்தை இழுத்தால் குதிரை நிற்கிறது என்றால், நிற்பது குதிரையின் காலால்தானே தவிர, கடிவாளத்தால் இல்லை. கார் பிரேக்கும் அப்படியே. அது சக்கரம் சுற்றுவதைத்தான் பிடிக்கிறது. வண்டியை நிறுத்துவது டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடிதான். இதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இரண்டாவது விஷயம் சூடு. ஓடுகிற வண்டியிடம் ஒரு சக்தி இருக்கிறது. அதை ஒன்றுமில்லாமல் ஆக்க யாராலும் முடியாது. பிரேக் செய்வதெல்லாம் அதை உரசி உரசிச் சூடாக மாற்றுவதுதான். இரண்டு கையையும் தேய்த்தால் சுடுவதில்லையா, அதுபோல. வேகம் இரண்டு மடங்கானால் இந்தச் சக்தி நான்கு மடங்காகிறது. நல்ல காய்ந்த தார் ரோட்டில், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 9 மீட்டரில் நிற்கும் கார், 80-ல் 36 மீட்டர் ஓடித்தான் நிற்கும். இது கால் பெடலில் அழுந்திய பிறகு கணக்கு. கண் பார்த்து, மூளை சொல்லி, கால் போய்ச் சேர ஒரு வினாடி ஆகிறது என்றால், 80-ல் அந்த ஒரு வினாடிக்கே 22 மீட்டர் போய்விடுகிறது. எந்தக் கம்பெனி பிரேக்கும் அந்த 22 மீட்டரில் ஒரு அடியைக்கூடக் குறைக்காது.

மலை இறக்கத்தில் நிற்பதற்கு மட்டும் பிரேக் பிடிப்பதில்லை, வேகம் கூடாமல் இருப்பதற்கே பிடித்துக்கொண்டு வருகிறோம். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. வத்தலக்குண்டு சுமார் 1,000 அடி. எங்கள் அம்பாஸிடர் ஆளும் மூட்டையுமாக ஒன்றரை டன் இருந்திருக்கும். அந்த எடை 6,000 அடி இறங்கும்போது வெளிவருகிற சக்தியைச் சூடாக்கினால், 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கிட்டத்தட்ட ஆறு குடம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரில் வந்தால் எஞ்சின் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். நான் எஞ்சினைக் கழற்றிவிட்டேன். மிச்ச சூடு முழுவதும் நாலு பிரேக்கின் தலையில் விழுந்தது. சிக்கனம் பார்த்த என் காசு, இரண்டு லிட்டர் பெட்ரோல் இருக்குமா?

எந்த பிரேக்கைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தச் சூட்டை இது எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது?

சைக்கிளில் ஆரம்பிப்போம். இரண்டு ரப்பர் பிரேக் கட்டைகள் ரிம்மைப் பிடிக்கின்றன. ரிம் பெரியது, காற்றில் சுற்றுகிறது, சூடு தங்குவதில்லை. வேகமும் குறைவு. அதற்கு அது போதும்.

அதைவிட எளியது நம் சித்திரைத் திருவிழாத் தேருக்குப் போடும் முட்டுக்கட்டை. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுகிறான் என்றால் திட்டுகிறோம். மாசி வீதிகளில் தேர் வரும்போது பார்த்தால் அந்த ஆட்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில், சரியான நேரத்தில், சரியான கோணத்தில் மர ஆப்பைக் கொடுத்து இழுக்க வேண்டும். நிறுத்துவது மட்டுமல்ல, ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்துத்தான் மூலையில் தேரைத் திருப்பவே செய்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், அலங்காரத்தோடு சுமார் 300 டன் என்பார்கள். அதற்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் தேர் ஓடுவதில்லை. நல்ல பிரேக் வந்த பிறகும் ஆள் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஹைட்ராலிக் என்றால் என்ன என்பதை நான் பள்ளியிலேயே படித்தேன், புரியாமல். பிளேஸ் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னது: அடைத்து வைத்த திரவத்தில் ஓர் இடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும். வாத்தியார் கரும்பலகையில் பீப்பாய் படம் போட்டு விளக்கினார். மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பையன் ஒருவன் பிரேக் பெடலை அமுக்கி அமுக்கி விட, இன்னொருவன் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, “இன்னும் ஏர் வருதுண்ணே” என்று கத்தியபோதுதான் பாஸ்கல் எனக்குப் புரிந்தார். திரவத்தை அமுக்க முடியாது, அதனால் கால் கொடுத்த அழுத்தம் நாலு சக்கரத்துக்கும் அப்படியே போகிறது. குழாயில் காற்று இருந்தால், கால் அமுக்குவது காற்றை நசுக்குவதிலேயே முடிந்துவிடும். பெடல் பஞ்சாகும்.

எங்கள் அம்பாஸிடரில் பஞ்சானதும் இதனால்தான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. இன்றைக்குச் சாதாரணமாக ஊற்றும் டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிப்போனால் அந்த அளவு 155 என்று இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்துச் சூட்டில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் வரும். அப்புறம் மிதிப்பது குமிழைத்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். நம்மில் எத்தனை பேர் மாற்றுகிறோம்? சீட் கவர் மாற்றுகிறோம்.

இனி டிரம், டிஸ்க் விவகாரத்துக்கு வருகிறேன். டிரம் பிரேக் என்பது ஒரு மூடின சட்டி. சட்டி சக்கரத்தோடு சுற்றும். உள்ளே இரண்டு ஷூ, லைனிங் ஒட்டினது, விரிந்து சட்டியின் உள்சுவரைப் பிடிக்கும். காருக்கு இதைக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் லூயி ரெனோ, 1902-ல். இதில் ஒரு சௌகரியம் உண்டு. சுற்றுகிற சட்டி முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும், அதனால் காலுக்குச் சிரமம் குறைவு. ஹேண்ட் பிரேக்குக்கும் வசதி. மூடியிருப்பதால் புழுதி, சகதி உள்ளே போகாது. விலையும் குறைவு. அசௌகரியம் ஒன்றுதான், அதுவே பெரியது. மூடின சட்டிக்குள் சூடு தங்கிவிடும். லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் வழுக்க ஆரம்பிக்கும். பெடல் இறுக்கமாக இருக்கும், வண்டி நிற்காது. 1983-ல் முதலில் நடந்தது இது.

டிஸ்க் பிரேக் என்பது திறந்த தட்டு. தட்டு சக்கரத்தோடு சுற்ற, காலிப்பர் என்கிற கிடுக்கி இரண்டு பக்கமும் பேடை வைத்துப் பிடிக்கும். சைக்கிள் பிரேக்கின் பெரியண்ணன். தட்டு காற்றிலேயே சுற்றுவதால் சூடு சீக்கிரம் வெளியேறும், தண்ணீர் பட்டாலும் சிதறிவிடும். 1953-ல் பிரான்ஸில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்தபின் உலகம் திரும்பிப் பார்த்தது. 1955-ல் வந்த சித்ரோயன் டி.எஸ். காரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க். அந்தக் காரின் படத்தைப் பள்ளிக்கு வந்த பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் பார்த்து, வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். அதில் பிரேக்குக்குப் பெடலே கிடையாது, தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர் குமிழ்.

டிஸ்க்கில் டிரம் மாதிரி தானே இறுக்கிக்கொள்ளும் குணம் இல்லை. காலால் இன்னும் பலமாக அமுக்க வேண்டும். அதற்காகத்தான் எஞ்சின் உறிஞ்சும் காற்றை வைத்து வேலை செய்கிற பூஸ்டர். எஞ்சினை அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிப்புக்குப் பிறகு பூஸ்டர் கைவிட்டுவிடும். இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டு இறங்கும் புத்திசாலிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, நாலுக்கும் டிஸ்க் வேண்டுமா? என் அபிப்பிராயம்: முன்னால் டிஸ்க் அவசியம். பின்னால் டிரம் இருந்தால் குடும்பக் காருக்கு ஒரு குறைவும் இல்லை. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பீர்கள். பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால்தானே சாய்கிறோம்? காரின் எடையும் அப்படித்தான் முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடும். நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன்னால் இருப்பதுதான். மோட்டார் சைக்கிளில் முன் பிரேக்கைத் தொடவே பயப்படும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். தொடாமல் இருப்பவர் பிரேக்கில் பெரும்பகுதியை விட்டுவிட்டு ஓட்டுகிறார். வளைவிலும் மணலிலும் வேண்டாம், நேர் ரோட்டில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

பின் டிரம் என்பது பழைய காலத்துச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஃபோக்ஸ்வாகன் கம்பெனி தன் புதிய மின்சாரக் கார்களான ஐடி.3, ஐடி.4-ல் பின்சக்கரத்துக்கு டிரம்தான் வைத்தது. காரணம் சுவாரசியமானது. மின்சாரக் காரில் காலை எடுத்தவுடன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தைப் பிடித்து மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. சூட்டை எங்கே போடுவது என்ற கேள்விக்கு, ‘திரும்ப வாங்கிக்கொள்வது’ என்று ஒரு பதில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஆனால் அதனால் உரசும் பிரேக்குக்கு வேலை குறைந்து, திறந்த தட்டு துருப்பிடிக்க ஆரம்பித்தது. மூடின சட்டிக்கு அந்தக் கவலை இல்லை. இன்னொன்று: மலை உச்சியில் பேட்டரி நிறைய சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால், திரும்ப வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. அப்போது பழைய உரசல்தான்.

மாட்டுத்தாவணியில் பஸ் நிற்கும்போது ‘புஸ்ஸ்’ என்று சத்தம் வருகிறதே, அது ஏர் பிரேக். அவ்வளவு பெரிய வண்டிக்குக் கால் பலம் போதாது, அழுத்திய காற்றுதான் வேலை செய்கிறது. இதில் எனக்குப் பிடித்தது அதன் ஹேண்ட் பிரேக். அங்கே பெரிய ஸ்பிரிங் ஒன்று பிரேக்கைப் பிடித்தபடியே இருக்கிறது, காற்றுதான் அதை விலக்கி வைக்கிறது. காற்று போய்விட்டால் ஸ்பிரிங் தானே பிடித்துக்கொள்ளும். கெட்டால் நிற்கும், ஓடாது. 1869-லேயே ரயிலுக்குக் காற்று பிரேக் செய்தவர் வெஸ்டிங்ஹவுஸ். பெட்டி கழன்றால் அதுவே நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் பிறகு அவரே செய்தார். கெட்டாலும் ஆளைக் கொல்லாதபடி கெட வேண்டும் என்று யோசித்தவர்களுக்கு என் வணக்கம்.

கடைசியாக ஏபிஎஸ். இதைப் பற்றித்தான் தப்பான எண்ணம் அதிகம். ஏபிஎஸ் இருந்தால் வண்டி சட்டென்று நின்றுவிடும் என்று நினைக்கிறோம். அதன் முதல் வேலை அது இல்லை. பதறி பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், டயர் சறுக்கும். சறுக்குகிற சக்கரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது. ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தையும் கவனித்து, பூட்டப்போகிறது என்றால் விட்டு விட்டுப் பிடிக்கிறது, ஒரு வினாடிக்குப் பல தடவை. அதனால் பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப முடிகிறது. தேருக்கு முட்டுக்கட்டை போடுபவரின் சூட்சுமம்தான். கார்களுக்கு இதை 1978-ல் பாஷ் கம்பெனியும் மெர்சிடிஸும் கொண்டு வந்தன. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். 125 சி.சி.க்கு மேற்பட்ட இரு சக்கர வாகனங்களுக்கும் அப்படியே. என்னைக் கேட்டால், பிரேக் விஷயத்தில் அரசாங்கம் போட்ட உத்தரவுகளில் மிகச் சிறந்தது இது.

ஏபிஎஸ் வண்டியில் அவசரத்துக்குப் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஓங்கி மிதித்து அப்படியே வைத்திருக்க வேண்டும். பெடல் காலடியில் கடகடவென்று துடிக்கும், பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. ஆனால் மணலிலும் ஜல்லியிலும் ஏபிஎஸ் நிறுத்தும் தூரத்தைக் கூட்டவும் செய்யும். வழுக்கை டயருக்கு ஏபிஎஸ்ஸால் பிடிப்பைக் கடன் வாங்கித் தர முடியாது. எங்கள் ரிங் ரோட்டில் முதல் மழை பெய்ததும், புழுதியும் எண்ணெயும் கலந்து ஒரு பசை மாதிரி ஆகும். அன்றைக்குப் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் நிற்கும் தூரம் இரண்டு மடங்கு. கடிவாளம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் குதிரையின் கால் சேற்றில் இருக்கிறது.

ஆக, மேல் மாடலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் காலத்தில் டயர் மாற்றவும், பிரேக் ஆயில் மாற்றவும், லைனிங் பார்க்கவும் ஒதுக்கினால் உயிருக்கு உத்தரவாதம் அதிகம். இதுதான் என் கட்சி. 1911-ல் டி.வி.எஸ். தொடங்கிய ஊர் மதுரை. அந்தக் குழுமம் 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலையையே ஆரம்பித்தது. பிரேக் செய்வதில் நமக்கு அனுபவம் உண்டு. அதைப் பராமரிப்பதில்தான் இல்லை.

இப்போது மனைவியின் பார்வைக்கு வருகிறேன்.

அன்றைக்கு மதுரை திரும்பியதும் வண்டி முதலாளி நசுங்கின மட்கார்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “என்ன சார் ஆச்சு?”

டிரைவர் பக்கத்திலேயே நின்றார். “பிரேக் புடிக்கல” என்று மட்டும் சொன்னார். முதலாளி, “போன மாசம்தானே பிரேக் பாத்தோம்” என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ரிப்பேர் செலவை என் தலையில் கட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயம். என் சம்பளம் அப்படி. “எறக்கத்துல கொஞ்சம் வேகமா வந்துட்டார்” என்றேன். நியூட்ரல் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. டிரைவரும் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை, நான் என்ன சொன்னாலும் கியரில் கை வைத்தது தான்தான் என்று நினைத்தாரோ என்னவோ. அடுத்த வாரம் அந்த ஸ்டாண்ட் பக்கம் போனபோது வேறு ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “பாவம், அந்த மனுஷன்.”

சில வருஷம் கழித்து, விபத்து நஷ்டஈட்டுக் கோப்புகள் வருகிற ஒரு பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். ஒவ்வொரு கோப்பிலும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஒன்று இருக்கும். ஜனங்கள் அவரை பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அங்கேதான் தெரிந்தது. டிரைவர் வாக்குமூலத்தில் “பிரேக் பிடிக்கவில்லை” என்று இருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதித்துவிட்டு, கடைசி வரியில் விபத்து இயந்திரக் கோளாறினால் ஏற்பட்டதல்ல என்று எழுதியிருப்பார். நான் பார்த்த கோப்புகளில் பெரும்பாலும் அந்த ஒரே வரிதான். அதைப் படி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் டம்டம் பாறைக்கு மேலே அந்தக் கருகின வாடை எனக்கு வரும். எங்கள் அம்பாஸிடரை அன்றைக்கு அவர் சோதித்திருந்தாலும் அதே வரியைத்தான் எழுதியிருப்பார். அது சரியாகவும் இருந்திருக்கும். ஆனால் ‘முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் பெட்ரோல் மிச்சம் பிடிக்கச் சொன்னார்’ என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

அந்தப் பிரிவில் இருந்தபோதாவது அவரைத் தேடிப் போயிருக்கலாம். ஊர் சின்னதுதான். போகவில்லை. நாளைக்கு, அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டே ரிட்டயர் ஆகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இதை முழுவதும் மாப்பிள்ளையிடம் சொன்னேன். நியூட்ரலையும் சேர்த்து. மகளுக்கே அது புதுச் செய்தி. அவள் அந்தக் காரில் இருந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாப்பிள்ளைதான் கேட்டார்:

“அப்போ இப்பவும் நியூட்ரல்ல எறங்கினா மைலேஜ் கூடும்னு வாட்ஸப்ல சுத்துதே மாமா?”

அதற்கும் பதில் இருக்கிறது. இன்றைய காரில் இறக்கத்தில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலையே அது நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டால்தான், எஞ்சின் அணைந்துவிடாமல் ஓட, அதற்குப் பெட்ரோல் வேண்டும். நான் அன்றைக்கு ஆசைப்பட்ட மிச்சம் இப்போது அங்கே இல்லவே இல்லை.

“ஏறின கியர்லயே எறங்குங்க மாப்பிள்ளை. நாலு டிஸ்க் இருக்கட்டும். கருகின வாடை வந்தா ஓரமா நிறுத்தி அரைமணி நேரம் டீ குடிங்க. டிரைவர் போட்டுப் போனா, முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு அவருக்கு யோசனை சொல்லாதீங்க.”

சரி மாமா என்றார். வெளியே போய்க் காரைத் திருப்பும்போது பார்த்தேன். பின்சீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு பெல்ட் மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். என் மனைவி இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.